லாவோ பாவ் வழியாகப் போகிறவளுக்கு

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பிரின்ட் எடுத்து முன்னால் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பாங்காக், நோங் காய், வியன்டியான், லுவாங் பிரபாங், சவன்னகெட், லாவோ பாவ், ஹுவே, ஹோ சி மின் நகரம், புனோம் பென், சியெம் ரீப், மறுபடி பாங்காக். அட்லஸில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன். வியன்டியானில் இருந்து லுவாங் பிரபாங் போகும் ரயிலுக்கு நேரே ‘இரண்டு இருக்கை’ என்று எழுதியிருக்கிறாய். சரி. முதலில் விசாவைப் பேசுவோம்.

மணிப்பூரில் மோரே வழியாகப் பர்மாவுக்குள் போய்த் தரைவழியிலேயே தாய்லாந்து சேரலாம் என்று முன்பு சொன்னாய். அதை நீயே அடித்துவிட்டதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அங்கே நடக்கும் சண்டையில் அந்த வழி வழியே இல்லை. 1942இல் தாத்தா மோரேக்கு எதிரே பர்மாப் பக்கம் இருக்கும் தம்மு வழியாகத்தான் தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். எத்தனை பேரோடு கிளம்பி எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்பது உனக்கே தெரியும். அந்த வீட்டுப் பிள்ளை இன்று நாடு நாடாகப் போவதை யாரிடம் சொன்னாலும் எனக்குப் பெருமைதான். உன் அத்தையிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

வியட்நாம் இ-விசாவில் கவனமாக இரு. 90 நாள் வரை தருகிறார்கள், ஆனால் எந்த எல்லை வழியாக நுழைகிறாய் என்று விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். நீ லாவோஸில் இருந்து பேருந்தில் வருகிறவள். பழக்கத்தில் ஹனோய் விமான நிலையம் என்று போட்டுவிட்டு லாவோ பாவ் எல்லையில் போய் நிற்காதே. பெயரும் அப்படித்தான். உன் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகக் கடைசிப் பெயர் கட்டத்தில் விழுந்திருக்கிறது, பான் கார்டில் வெறும் இனிஷியல். பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடு. தப்பாகப் போட்டால் கட்டின பணம் திரும்பி வராது, மறுபடி முதலில் இருந்து கட்ட வேண்டும். கருவூலத்தில் ஒரு எழுத்துப் பிசகுக்காக எத்தனை பில்லைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்!

ஆனால் என்னைத் தூங்கவிடாதது கடைசிப் பகுதிதான். சியெம் ரீப்பில் இருந்து பொய்பெட் வழியாகப் பேருந்தில் பாங்காக் என்று எழுதியிருக்கிறாய். அந்த எல்லையை 2025 ஜூனில் மூடினார்கள். ஜூலையில் இரண்டு நாட்டுக்கும் சண்டையே நடந்தது, டிசம்பரில் மறுபடியும். யாரோ எப்போதோ போய்வந்து எழுதியதை நம்பி அந்த வழியைப் போட்டிருக்கிறாய் போலிருக்கிறது. திறந்துவிட்டதாகத் தூதரகம் சொல்லாத வரைக்கும் அந்த வழியைக் கணக்கிலேயே வைக்காதே. சியெம் ரீப்பில் இருந்து விமானத்தில் பாங்காக் வா. இல்லையென்றால் ஹோ சி மின் நகரத்துக்கே திரும்பி அங்கிருந்து ஊருக்கு விமானம் ஏறு. அப்படித் திரும்புவதானால் வியட்நாமுக்கு ஒரு தடவை நுழையும் விசா போதாது. கம்போடியாவுக்குள் கால் வைத்ததுமே அது முடிந்துபோகும். 25 டாலருக்குப் பதில் 50 டாலர் கட்டிப் பல தடவை நுழையும் விசாவாக எடு. விண்ணப்பம் போடும் முன்னாலேயே இதை முடிவு செய்துவிடு, பாப்பா.

ஹோ சி மின் நகரத்தில் இருந்து புனோம் பென் போகும் பேருந்தில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் பேருந்துக்காரர் மொத்தமாக வாங்கிக்கொள்வாராம். மோக் பாய் எல்லையில் அந்தப் பாஸ்போர்ட்டுகளை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுத் திருப்பித் தருவாராம். உன் கையில் வந்ததும் பையில் போடாதே, திறந்து பார். வியட்நாம் வெளியேறும் முத்திரை இருக்கிறதா, கம்போடியா நுழையும் முத்திரையில் தேதி சரியா என்று பார்த்த பிறகு வண்டியில் ஏறு. எந்த எல்லையிலும் கவுன்ட்டரை விட்டு நகரும் முன்னால் முத்திரையைப் பார். ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் அபராதம் கட்டச் சொல்வார்கள்.

லாவோஸுக்கு டாலர் நோட்டு மடிப்பும் கிழிசலும் இல்லாமல் புதுசாக எடுத்துப் போ. பழைய நோட்டு என்றால் வாங்க மாட்டார்கள். அங்கே காட்டுப் பக்கம் பாதையை விட்டு இறங்கவே இறங்காதே. 1964 முதல் 1973 வரை அமெரிக்கா போட்ட குண்டுகளில் வெடிக்காதவை இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. தாய்லாந்துக்கு டிஜிட்டல் வருகை அட்டையை மூன்று நாள் முன்னாலிருந்தே போடலாம். பர்மா எல்லையை ஒட்டிய மே சோட் பக்கம் போக வேண்டாம். கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப் போய் நம் ஊர்ப் பிள்ளைகளை அடைத்து வைத்த செய்திகளை நீயும் படித்திருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை போனில் ‘அப்புறம் பேசுறேம்மா’ என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. முன்பெல்லாம் பக்கத்துச் சீட்டில் இருந்தவள் என்ன சாப்பிட்டாள் என்பதுவரை சொல்வாய். நான் உன்னை விசாரணை செய்யக் கூப்பிடுவதில்லை.

பயணக் காப்பீடு ஆளுக்கு ஒன்று தனியாக எடுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாசத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பேருக்கும்தான். முத்திரையைப் பார்க்க மறக்காதே.

உன் பாஸ்போர்ட் நகல் என்னிடம் இருக்கிறது. கூட வருகிறவருடைய பாஸ்போர்ட் முதல் பக்கத்தையும் அனுப்பு. அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று அவர் வீட்டு நம்பரும் வேண்டும். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா