ஒயில் குறையுது எண்டு உடன ஊத்தாதேங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பரில பனிக்கால வாகனங்களைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தியள். நல்ல விஷயம், எங்கட சனம் இப்ப பனிக்கு மேல ஓடுற ஸ்னோமொபில் வாங்கி ஓடுது எண்டதை ஒரு தமிழ்ப் பேப்பர் கவனிச்சு எழுதினதே பெரிய காரியம். ஆனா அதில "ஒயில் குறைவாகக் காட்டினால் உடனே நிரப்பவும், தொடர்ந்து குறைந்தால் சீலை மாற்றவும்" எண்டு ஒரு வரி இருந்தது (சீல் எண்டது ஒயில் வெளிய வராமத் தடுக்கிற ரப்பர் வளையம்), அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுறன். நான் ஒன்ராறியோவில பேரிப் பக்கம் ஒரு சின்னக் கராஜில இந்த மெஷினுகளோட மினக்கெடுற ஆள், டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அந்த வரி ஓரளவு சரி, ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு அது காசைக் கரியாக்கிற வேலை.

எங்கட ஆக்கள் பலபேர் முதல் வாங்கினது பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்லெட் (ஸ்னோமொபிலை நாங்கள் ஸ்லெட் எண்டுதான் சொல்லுறது). அதில ஒயிலும் பெற்றோலோட சேந்து எரியும், ஒயில் ராங்க் இறங்குறதுதான் வழமை, இறங்க இறங்க ஊத்துறதுதான் வேலை. ஃபோர் ஸ்ட்ரோக்கில ஒயில் அப்பிடி எரியிறதில்லை, உள்ளயே சுத்தும், ஆனா அந்தப் பழக்கம் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கினாப் பிறகும் கையை விட்டுப் போகாது. யமஹா ஆர்எக்ஸ்-1 எண்ட ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்லெட் 2003 மொடலா வந்தது, பிறகு 2006இல அபெக்ஸ், ரெண்டும் மோட்டச்சைக்கிள் எஞ்சின் பரம்பரை, ரெண்டும் ட்ரை சம்ப். எண்டா ஒயில் எஞ்சினுக்கு அடியில தேங்கி நிக்காது, அதுக்குத் தனி ராங்க் இருக்கு, எஞ்சினுக்குள்ள விழுறதைப் பம்ப் உறிஞ்சி ராங்குக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். இப்ப அந்த ஸ்லெட் கோடை முழுக்கச் சும்மா நிக்குது எண்டு வையுங்கோ, ராங்கில கிடந்த ஒயில் மெல்ல மெல்ல எஞ்சினுக்குள்ள வடிஞ்சு போயிடும். டிசம்பரில ஹூட்டைத் திறந்து, ஒயில் அளக்கிற கம்பியை, டிப்ஸ்டிக்கை, இழுத்தா நுனியிலகூட ஒயில் இராது. ஐயோ ஒயில் எங்க போச்சு எண்டு ஒரு லீற்றரை ஊத்துவினம். ஸ்டார்ட் பண்ணின உடன பம்ப் உள்ள கிடந்ததையும் தூக்கி ராங்குக்கு அனுப்ப, ராங்க் நிரம்பி வழிஞ்சு, மிச்சம் பிரீதர் ஹோஸ் (எஞ்சினுக்குள்ள சேர்ற காத்து வெளிய போற குழாய்) வழியா, எஞ்சின் காத்து இழுக்கிற எயார் பொக்ஸுக்குள்ள போய், அங்கயிருந்து ஒழுகிக் கீழ பெலி பான் எண்ட அடித்தட்டுக்கு வரும். பாத்தா ஒயில் லீக்! பிறகு என்ன, சீல் போச்சு, காஸ்கெட் போச்சு எண்டு ஆளாளுக்கு ஒண்டு சொல்லுவினம், ஆனா மெஷினில ஒரு பழுதும் இல்லை.

அதால முதல் வேலை ஒயிலைச் சரியா அளக்கிறது. எஞ்சினை நல்லா சூடேற விட்டு, கொஞ்ச நேரம் ஐடிலில ஓடவிட்டு, நிப்பாட்டின உடன சமதரையில வைச்சுப் பாக்கோணும். எவ்வளவு நேரம், டிப்ஸ்டிக்கைத் திருகிப் பாக்கிறதோ சும்மா வைச்சுப் பாக்கிறதோ எண்டது மொடலுக்கு மொடல் மாறும், உங்கட ஸ்லெட்டின்ர புத்தகத்தில இருக்கு, புத்தகத்தைப் பாருங்கோ, மச்சான்ர கதையைக் கேக்காதேங்கோ. எயார் பொக்ஸைக் கழட்டி உள்ள ஒருக்கா ரோச் அடிச்சுப் பாருங்கோ, அடியில ஒயில் குளம் கட்டி நிண்டா கூடுதலா ஊத்தியிருக்கு, இல்லாட்டி ஆரோ ஸ்லெட்டைப் பிரட்டிப் போட்டு வாயைத் திறக்காம இருக்கினம். சரிஞ்சு விழுந்த ஸ்லெட்டில ஒயில் சிலிண்டருக்குள்ளயும் போயிருக்கலாம், அந்த நேரம் சாவியைத் திருப்பித் திருப்பி அடிச்சா எஞ்சினுக்கே ஆபத்து, முதல்ல ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பாக்கோணும்.

அளவு சரி, எயார் பொக்ஸும் காஞ்சுதான் கிடக்கு, ஆனாலும் பெலி பானில ஈரம் எண்டா அது உண்மையிலயே எஞ்சின் ஒயில்தானோ எண்டு பாக்கோணும். காருக்கு அடியில சொட்டினா நிலத்தில தெரியும், ஸ்லெட்டில அப்பிடி இல்லை, அடியில மூடின பிளாஸ்டிக் தட்டு, அதுக்குள்ள உருகின பனித் தண்ணி, அந்தத் தண்ணிக்கு மேல ஒயில் மிதக்க, ரெண்டு கரண்டி ஒயிலும் ஒரு வாளி மாதிரித் தெரியும். வெள்ளைப் பேப்பர் டவலை அதில ஒத்தி எடுத்து மணந்து பாருங்கோ. எஞ்சினைக் குளிராக்கிற கூலன்ட் எண்டா இனிப்பு மணமும் பச்சையோ சிவப்போ ஒரு நிறமும் இருக்கும் (கூலன்ட் நஞ்சு, நாக்கில வைக்கிற வேலை வேண்டாம், நாய் பூனையையும் கிட்ட விடாதேங்கோ). கந்தகம் மாதிரி அழுகின மணம் வந்தா அது செயின்கேஸ் ஒயில் (செயின்கேஸ் எண்டது ஸ்லெட்டின்ர பட்டியைச் சுத்துற செயின் இருக்கிற பெட்டி). அனேக ஸ்லெட்டுகளில வலப்பக்கம் செயின்கேஸ், இடப்பக்கம் கிளச், அதால ஈரம் எந்தப் பக்கம் கூட எண்டு பாத்தாலே பாதிக் கேள்வி முடிஞ்சிடும். செயின்கேஸ் மூடியில இருந்து கசியிறதுக்கு எஞ்சின் சீலை மாத்திவிட்ட ஆக்களும் இருக்கினம், பில்லைக் கொண்டுவந்து காட்டேக்க எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியாது.

எஞ்சின் ஒயில்தான் எண்டு தெரிஞ்சா கழுவோணும். கழுவாம லீக் தேடுறது சும்மா நேரத்தை வீணாக்கிற வேலை. டீகிரீசர் அடிச்சு, பிரஷால தேய்ச்சு, தண்ணி விட்டு, நல்லாக் காய விடுங்கோ, பிரஷர் வாஷரை மட்டும் சீலுகளுக்கும் வயர் கனெக்டருக்கும் நேர பிடிக்காதேங்கோ. காஞ்சாப் பிறகு கால் புண்ணுக்கு அடிக்கிற வெள்ளைப் பவுடர் ஸ்பிறே இருக்குதெல்லோ, அதை எஞ்சினில சந்தேகமான இடமெல்லாம் மெல்லிசா அடிச்சுப்போட்டு ஓடவிட்டுப் பாருங்கோ, ஒயில் வாற இடத்தில வெள்ளையில கறுத்தக் கோடு விழும். அந்தக் கோட்டில கீழ சொட்டுற இடத்தைப் பாக்கிறதில்லை, மேல ஆக உயரத்தில எங்க தொடங்குது எண்டதைத்தான் பாக்கோணும். ஒயில் கீழயும் போகும், கிளச் சுத்துற காத்தில பின்னுக்கும் போகும், மேல போக மாட்டுது. இதில தெரியாட்டி ஒயிலுக்குள்ள யூவி டை ஊத்தி ஒரு ஓட்டம் ஓடிப்போட்டு, இருட்டில யூவி ரோச் அடிச்சா லீக் மஞ்சள் பச்சையா மின்னும்.

ஓடவிடேக்க ஒரு விஷயம் கவனம். அனேகமான லிக்விட் கூல் ஸ்லெட் எல்லாம் பட்டி சுத்துற பின் டனலுக்குள்ள பனி அடிச்சுத்தான் குளிருறது, வெறும் சீமெந்துத் தரையில நிப்பாட்டி அரை மணித்தியாலம் ஓடவிட்டா சூடேறி எரிஞ்சுபோம். கதவு பூட்டின கராஜுக்குள்ள ஓடவிடவே கூடாது, புகையில ஆள் போயிடும். கிளச் கார்டைக் கழட்டிப்போட்டு எஞ்சினை ஓடவிடுற வீரமும் வேண்டாம்.

லீக் எங்க இருக்கும் எண்டு கேட்டா, நான் முதல்ல ஒயில் பில்டரைத்தான் பாப்பன். பழைய பில்டரைக் கழட்டேக்க அதின்ர ரப்பர் வளையம் எஞ்சினிலயே ஒட்டிக்கொண்டு நிக்கும், அதைப் பாக்காம புதுசைப் பூட்டினா ரெண்டு வளையம் ஒண்டுக்கு மேல ஒண்டு, கொஞ்ச நேரம் பிடிக்கும், பிறகு ஒயிலைக் கக்கும். அடுத்தது ஒயிலை வடிக்கக் கழட்டுற ட்ரெயின் பிளக்கின்ர வாஷர், அதுவும் பழசையே திருப்பித் திருப்பிப் போடுறது. இந்த ரெண்டையும் விட்டுப்போட்டு நேர கிராங்க் சீலுக்கு, எஞ்சினின்ர சுழல் தண்டைச் சுத்தியிருக்கிற சீலுக்கு, போற மெக்கானிக்கை நம்பாதேங்கோ. கிராங்க் சீல் போனா அதுக்கு ஒரு அடையாளம் இருக்கு, முன் கிளச்சுக்குப் பின்னால, கிளச் சுத்துற வட்டத்துக்கு நேர, சுத்திவர ஒரு கோடா ஒயில் தெறிச்சிருக்கும், பெல்ற் ஒயில் பட்டு வழுக்கும், த்ரொட்டில் பிடிச்சா எஞ்சின் கத்தும் ஸ்லெட் போகாது. அப்பிடி ஒரு கோடு இல்லாட்டி கிளச்சைக் கழட்ட விடாதேங்கோ, அதை இழுத்தெடுக்கப் புள்ளர் எண்ட கருவி வேணும், திருப்பிப் பூட்டேக்க சரியான இறுக்கம், டோர்க், வேணும், சும்மா தொடுற சாமான் இல்லை.

குளிர் செய்யிற வேலை ரெண்டு இருக்கு, உங்கட கட்டுரையில அதைப் பற்றி ஒண்டுமே இல்லை. மைனஸ் 25இல ரப்பர் ஹோஸ் சுருங்கிக் கிளாம்ப் லூசாகிக் கசியும், அதைத் தூக்கிச் சூடான கராஜுக்குள்ள கொண்டுவந்தா லீக் நிண்டிடும், கஸ்டமர் பொய் சொல்லுறார் எண்டு மெக்கானிக் நினைப்பார். அதைக் குளிருக்குள்ள வைச்சுத்தான் பாக்கோணும். மற்றது உறைஞ்ச சிம்கோ ஏரியில மீன்பிடிக்கப் போற ஆக்களுக்கு. கரையில இருந்து ஐஸுக்கு மேல இருக்கிற மீன்பிடிக் குடிலுக்குப் பத்து நிமிஷம், திரும்பிப் பத்து நிமிஷம், எஞ்சின் ஒருநாளும் வடிவாச் சூடேறாது. உள்ள ஈரம் சேந்து ஒயிலோட கலந்து டிப்ஸ்டிக்கில மயோனைஸ் மாதிரி வெள்ளையா ஒட்டும், கூலன்ட் குறையாட்டி அனேகமா இந்த ஈரம்தான், ஹெட் காஸ்கெட் போய் கூலன்ட் ஒயிலோட கலக்குது எண்டு பயப்படத் தேவையில்லை. ஆனா அந்த ஈரம் பிரீதர் ஹோஸுக்குள்ள போய் ஐஸா உறைஞ்சு அடைச்சா எஞ்சினுக்குள்ள அமுக்கம் ஏறி, எங்க பலவீனமோ அதால ஒயிலைத் தள்ளும், டிப்ஸ்டிக்கையே வெளிய தள்ளினதைக் கண்டிருக்கிறன். அந்த நேரம் சீலை மாத்தினா புதுச் சீலையும் தள்ளும். பெற்றோலும் எரியாம ஒயிலுக்குள்ள இறங்கும், லெவல் குறையாம கூடும், டிப்ஸ்டிக்கில பெற்றோல் மணக்கும். அப்ப ஒயிலை மாத்துங்கோ, புத்தகத்தில சொன்ன, குளிரிலயும் இளகி ஓடுற 0டபிள்யூ-30ஓ 0டபிள்யூ-40ஓ ஒயிலை ஊத்திப்போட்டு, நீளமா ஒரு ஓட்டம் ஓடி எஞ்சினைச் சூடாக்குங்கோ. லீக் அடைக்கிற மருந்து எண்டு போத்தலில விக்கிறதை ஊத்திறது எனக்குத் துண்டறப் பிடிக்காது.

யமஹா 2025 மொடலோட ஸ்னோமொபிலை நிப்பாட்டுறம் எண்டு 2023இலயே சொல்லிப்போட்டினம். இனி எங்கட பெடியள் வாங்கப்போற யமஹா எல்லாம் ரெண்டாங்கை, மூண்டாங்கைதான், டீலரிட்டப் போய்க் கேக்கிறதும் வர வரக் கஷ்டமாகும். வாங்கப் போகேக்க ஹூட்டைத் திறந்து பாத்தா எஞ்சின் பளபள எண்டு கழுவியிருந்தா சந்தோசப்படாதேங்கோ, ஓடிப்போட்டு வந்து திரும்பத் திறந்து பாருங்கோ.

பெலி பானில சேர்ற ஒயில் தண்ணியை ஏரிக்கு மேல கவிழ்க்கிற ஆக்களையும் கண்டிருக்கிறன். ஐஸ் உருகினா அது நேர தண்ணிக்குள்ள போகும், அதே ஏரியில பிடிக்கிற பேர்ச் மீனைத்தான் பிறகு பொரிச்சுத் தின்னுறம். ஒயில் உறிஞ்சிற பாட் கடையில விக்குது, அதைப் பானுக்குள்ள போட்டு எடுத்து, அபாயக் கழிவு எடுக்கிற முனிசிப்பல் டிப்போவில குடுக்கலாம்.

அடுத்த இதழில அந்த வரியை மட்டும் திருத்திப் போடுவியள் எண்டு நினைக்கிறன். இடம் குறைவெண்டா "எஞ்சினைச் சூடாக்கிப்போட்டு அளக்கவும்" எண்டு மூண்டு சொல்லுப் போட்டாலே காணும்.

இப்படிக்கு,
பேரியில இருந்து ஒரு வாசகன்