முட்டுக்காடு படகுப் போட்டி: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

வரும் மாதம் இரண்டாவது சனிக்கிழமை ஒன்பதாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை முட்டுக்காட்டுக்கு அழைத்துப் போவதாகச் சென்ற வாரம் படிவம் அனுப்பியிருந்தோம். துடுப்புப் படகுச் சங்கம் ஒன்று அங்கே அவுட்ரிகர் எனப்படும் மிதவை கட்டிய படகுகளின் போட்டி நடத்துகிறது. காலையில் அதைப் பார்ப்போம். அப்புறம் நம் பிள்ளைகளே ஒரு படகுக்கு ஐந்து பேராக ஏறி, கழிமுகத்தின் அமைதியான நீரில் சிறிய பந்தயம் ஒன்று ஓட்டிப் பார்ப்பார்கள். பையன்களின் படிவங்கள் ஏறக்குறைய எல்லாமே கையெழுத்தோடு வந்துவிட்டன. பெண் பிள்ளைகளின் படிவங்களில் பாதிக்கு மேல் கையெழுத்தில்லாமல் திரும்பியிருக்கின்றன. சிலவற்றில் "பார்க்க மட்டும் அனுப்புகிறோம், படகில் ஏற்ற வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அது என்ன படகு என்று சொல்லிவிடுகிறேன். ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்காரும் படகு. நீளம் 13 மீட்டருக்குப் பக்கம், அகலமோ அரை மீட்டர் அளவுதான். இவ்வளவு ஒல்லியான படகு தானாக நிற்காது, கவிழ்ந்துவிடும். அதனால் இடது பக்கம் சற்றுத் தள்ளி ஒரு மிதவையை வைத்து, இரண்டு குறுக்குக் கட்டைகளால் படகோடு பிணைத்திருப்பார்கள். பசிபிக் தீவுக்காரர்கள் பெருங்கடலைக் கடந்து தீவு தீவாகக் குடியேறியது இந்த அமைப்பை நம்பித்தான். நம் நாட்டிலும் உண்டு. நிக்கோபார் தீவுகளில் இதே மாதிரி மிதவைப் படகை 'ஹோடி' என்கிறார்கள், அங்கே போட்டியும் நடக்கிறது. ராஜேந்திர சோழன் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று வருகிறதே, அந்தத் தீவுகள்தான். அவன் தகப்பன் ராஜராஜன் கட்டிய கோயில் நம் மேல்பாடியிலேயே இருக்கிறது. பிள்ளைகள் புறப்படும் முன் வரலாற்று ஆசிரியர் இதை ஒரு வகுப்பாகவே நடத்தப் போகிறார்.

படகில் ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு வேலை உண்டு. முன்னால் இருப்பவர் துடுப்பின் வேகத்தைத் தீர்மானிக்கிறார். பின்னால் இருக்கும் ஐந்து பேரும் அவரை ஒட்டியே போட வேண்டும். ஒருவர் வலப்பக்கம் போட்டால் அடுத்தவர் இடப்பக்கம். பன்னிரண்டு, பதினைந்து தடவை போட்டதும் நடுவில் இருப்பவர் ஒரு குரல் கொடுப்பார். எல்லோரும் ஒரே நேரத்தில் பக்கம் மாற்றுவார்கள். கடைசியில் இருப்பவர் கையில் படகின் திசை. யாரும் தன் துடுப்பைப் பார்க்கக் கூடாது, முன்னால் இருப்பவரைத்தான் பார்க்க வேண்டும். காவேரிப்பாக்கம் பக்கம் நாற்று நடும் பெண்கள் முதல் ஆளின் கையைப் பார்த்தே வரிசை கலையாமல் நடுவார்களே, அந்தப் பழக்கம்தான் இங்கேயும். கை பலம் இரண்டாவது. ஆறு பேரும் ஒன்றாகப் போடாவிட்டால் எவ்வளவு பலசாலி இருந்தும் படகு தள்ளாடும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை குரல் கொடுக்கும் இருக்கையில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று பார்க்க எனக்கு மிகவும் ஆசை.

இந்த விளையாட்டிலேயே பெண்களை வெளியே நிறுத்திய காலம் ஒன்று இருந்தது. ஹவாயில் மொலகாய் தீவிலிருந்து ஓவாஹு தீவுக்குக் கடலைக் கடக்கும் பந்தயம் மிகப் பெயர் பெற்றது. 60 கிலோமீட்டருக்கு மேல். ஆண்கள் 1952-இல் தொடங்கினார்கள். பெண்களால் அந்தக் கடலைத் தாங்க முடியாது என்ற பேச்சு வெகுநாள் இருந்தது. 1975-இல் பெண்கள் போட்டி என்ற அங்கீகாரம் இல்லாமலே துடுப்புப் போட்டுக் கடந்து காட்டினார்கள். 1979-இல் அவர்களுக்கென்று முறையான பந்தயமே தொடங்கியது. கடல் மாறவில்லை, அதே கடல்தான்.

"அது கடலோரத்துப் பிள்ளைகள், நம்ம பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று ஒரு தாய் நேரிலேயே என்னிடம் கேட்டார். பிராச்சி யாதவைப் பற்றி அவரிடம் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். குவாலியர்க்காரர். கால்கள் செயலிழந்தவர். முதலில் நீச்சல் வீராங்கனை, அப்புறம் துடுப்புக்கு மாறினார். பயிற்சி எடுத்தது போபால் ஏரியில். இரண்டு ஊருக்கும் கடல் கிடையாது. டோக்கியோ பாராலிம்பிக்கில் இதே மிதவைப் படகு வகையில், ஒருவர் ஓட்டும் 200 மீட்டர் பந்தயத்தில், இறுதிச் சுற்றுக்குப் போய் எட்டாவதாக வந்தார். பாராலிம்பிக் படகுப் போட்டியில் கலந்துகொண்ட முதல் இந்தியர் அவர்தான். 2023-இல் ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியில் இந்தப் படகில் வெள்ளியும், மிதவை இல்லாத கயாக் படகில் தங்கமும் வாங்கினார்.

இன்னொரு காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. நம் பாலாறு பல வருடம் வெறும் மணல். 2021 நவம்பரில் திடீரென்று கரை தொட்டு ஓடியபோது வேடிக்கை பார்க்க ஓடிய பிள்ளைகளுக்குத் தண்ணீரின் இழுப்பு என்றால் என்னவென்றே தெரியவில்லை. மணல் அள்ளிய பள்ளங்களிலும் ஏரிகளிலும் மழைக்குப் பிறகு நிற்கும் தண்ணீர் எத்தனை வீட்டைக் கலங்கடித்திருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பல அப்பாக்கள் விவசாயக் கிணற்றில், இடுப்பில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டி நீச்சல் பழகியவர்கள். அந்தக் கிணறுகளில் இப்போது தண்ணீர் இல்லை, பையன்களுக்கும் அது போயிற்று. பெண்களுக்கு அன்றைக்கும் இல்லை. என் அண்ணன்கள் குதிப்பதைக் கிணற்று மேட்டில் நின்று பார்த்தவள்தான் நானும். தண்ணீருக்குப் பயப்படுகிற பிள்ளையைத் தண்ணீரிலிருந்து தள்ளி வைப்பதால் அவள் பாதுகாப்பாக இருப்பாள் என்று நான் நம்பவில்லை.

சரி, நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன்.

நீச்சல் தெரியாதவர்களும் ஏறலாம். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரும் தண்ணீர்ப் பக்கமே போக முடியாது. பக்கத்திலேயே மோட்டார் படகு வந்துகொண்டிருக்கும். நம் பிள்ளைகளின் ஒவ்வொரு படகிலும் ஆறாவது ஆளாக, திசை பார்க்கும் கடைசி இருக்கையில் சங்கத்தின் பயிற்சியாளர் ஒருவர் இருப்பார். படகு கவிழ்ந்தால் முதல் வேலை தலைகளை எண்ணுவது, அப்புறம்தான் படகை நிமிர்த்துவது. இதைக் கரையிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். காற்றோ அலையோ கூடினால் பிள்ளைகளின் பந்தயம் ரத்து. அதை முடிவு செய்வது நான், பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும்.

உடை: முழுக்கை டி-ஷர்ட், டிராக் பேன்ட், மாற்று உடை ஒன்று. துப்பட்டா வேண்டாம், துடுப்பில் சிக்கும். பெண்கள் உடை மாற்றத் தனி அறை இருக்கிறது, உடற்கல்வி ஆசிரியை கூடவே இருப்பார். மாதவிடாய் நாளாக இருந்தால் பிள்ளை அவரிடம் சொன்னால் போதும், ஏறுவதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும்.

வெயிலில் கறுத்துவிடுவாள் என்று ஒரு படிவத்தில் எழுதியிருந்தது. மே மாதத்தில் சைக்கிள் மிதித்து சிறப்பு வகுப்புக்கு வருகிற பிள்ளை அவள். அவள் நிறத்துக்காக ஒரு நாளை அவளிடமிருந்து பறிக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

வலிப்பு, ஆஸ்துமா, இதயக் கோளாறு எது இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். அந்தப் பிள்ளைகள் கரையில் நேரம் குறிக்கும் வேலையைப் பார்ப்பார்கள், யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம். ராணுவத்திலிருந்து விடுப்பில் வந்திருக்கும் இரண்டு அப்பாக்கள் உடன் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இருவருக்கும் நன்றாக நீச்சல் தெரியும்.

பேருந்து பள்ளி வாசலிலிருந்து காலை 4 மணிக்குப் புறப்படும். காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழி. இரவு 8 மணிக்குள் திரும்பிவிடுவோம். காலைச் சிற்றுண்டி கையில் கொடுத்தனுப்புங்கள், மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. பேருந்துச் செலவு கட்ட முடியாதவர்கள் வகுப்பாசிரியரிடம் சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டோம்.

புதிய படிவம் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. வியாழக்கிழமைக்குள் வர வேண்டும். பேருந்தில் நான்கு இடங்களைத் தாய்மார்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். மகளைத் தனியாக அனுப்ப மனம் வராதவர்கள் உடன் வாருங்கள், பெயரைப் படிவத்தின் பின்பக்கம் எழுதுங்கள். விரும்பினால் நீங்களும் படகில் ஏறலாம், சங்கத்தாரிடம் கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்