கயிற்றை இழுக்கும் உரிமை

ஆசிரியருக்கு,

தொழிலாளர்களுக்கு வேலையில் பற்று இல்லை என்ற புலம்பல் ஓய்ந்தபாடில்லை. பற்று எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை, ஆள் வராமை, தகராறு, தரக்குறைவு என்று பேர் கெட்டு 1982-இல் மூடப்பட்டது. 1984-இல் டொயோட்டாவும் சேர்ந்து அதைத் திறந்தபோது, வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள்தான். முன்பு என்ன நடந்தாலும் உற்பத்தி வரிசை நிற்கக் கூடாது. மீண்டும் திறந்த பிறகோ, கோளாறைக் கண்ட தொழிலாளியே வரிசையோரம் தொங்கிய கயிற்றை இழுத்து அதை நிறுத்த முடிந்தது. ஆள் வராமை வெகுவாகக் குறைந்தது, தரமும் நிமிர்ந்தது. (எளிதில் ஆட்குறைப்பு இல்லை என்ற உறுதியும் கொடுத்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.)

நான் 22 ஆண்டுகள் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் இருந்தேன். பிசிறுள்ள ஒரு பாகத்தை ஒதுக்கி வைக்கவே சூப்பர்வைசர் கையெழுத்து வேண்டும். அவர் வருவதற்குள் அதே பிசிறோடு நாற்பது பாகங்கள் போய்விடும். சில மாதங்களில் நாங்கள் பார்ப்பதையே விட்டுவிட்டோம். 'இது உங்கள் நிறுவனம்' என்ற போர்டு மட்டும் கடைசிவரை சுவரில் தொங்கியது.

- ஓய்வுபெற்ற தொழிலாளி, ஓசூர்