ஈகிள் பப்பின் கூரை

அன்புள்ள தம்பிக்கு,

போன வருஷம் கேம்பிரிட்ஜுக்கு வந்திருந்தபோது ஈகிள் பப்புக்குள் கூப்பிட்டாயே, சாராயக் கடைக்குள் எல்லாம் நான் வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுகொண்டேன். இரண்டாம் உலக யுத்த காலத்து விமானப்படைப் பையன்கள் உள்ளே கூரையில் லைட்டராலும் மெழுகுவர்த்தியாலும் சுட்டு எழுதிய பெயர்கள் இருக்கின்றன என்று நீ சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. மறுநாள் மேடிங்லி அமெரிக்கக் கல்லறைக்குப் போனோம். அங்கே உடல்கூடக் கிடைக்காத ஐயாயிரம் பேரின் பெயர்களைச் சுவர் நீளத்துக்குப் பார்த்ததிலிருந்துதான் மனசு அரிக்க ஆரம்பித்தது.

ஊருக்கு வந்தும் அதையே படிக்கிறேன். பி-17 என்கிற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தில் பத்துப் பேர், பாதிக்கு மேல் இருபதைத் தாண்டிக் கொஞ்ச வயசுதான். 25,000 அடி உயரத்தில் மைனஸ் 40 டிகிரிக் குளிர் அப்படியே உள்ளே வரும், கையுறையைக் கழற்றித் துப்பாக்கியைத் தொட்டால் தோல் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். உன் வீட்டு ஹீட்டர் அரை மணி நேரம் நின்றதற்கு நான் போட்ட சத்தத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. விமானத்தின் வயிற்றுக்குக் கீழே ஒரு கண்ணாடி உருண்டை, அதற்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்து சுடுகிறவனுக்குப் பெரும்பாலும் பாராசூட் கட்டிக்கொள்ளக்கூட இடம் இருக்காது.

குண்டு போட 25 தடவை போய்த் திரும்பினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் அதையே 30, 35 என்று கூட்டினார்கள். 1943 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியில் ஷ்வைன்ஃபர்ட் என்கிற ஊருக்குப் போனதில் மட்டும் 60 விமானங்கள் திரும்பவில்லை, அதாவது ஒரே நாளில் அறுநூறு பேர். துணைக்குப் போன சண்டை விமானங்கள் பெட்ரோல் போதாமல் பாதி வழியில் திரும்பிவிட்டன. எதற்கு என்றால், அங்கிருந்த பால்பேரிங் தொழிற்சாலைகளுக்கு. அப்பாவின் சைக்கிளில் இருக்கிறதே, அதேதான். கீழே அந்தத் தொழிற்சாலை ஊரில் இருந்தவர்கள் கதை தனி, அதைப் படிக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

ஒன்று மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. இங்கிலாந்தே ரேஷனில் முட்டைப்பொடி சாப்பிட்ட காலத்தில், பறக்கிற அன்றைக்கு மட்டும் விடியற்காலையில் இவர்கள் தட்டில் நிஜ முட்டை பொரித்து வைப்பார்களாம். யார் சாப்பிட்டிருப்பார்கள், சொல்லு.

அடுத்த தடவை வரும்போது கூப்பிடு, உள்ளே வருகிறேன். டீ கிடைக்கும்தானே?

அம்மா