போர்ட்டர் கையில் இருந்தது லேசர் அல்ல, பிளாஷ்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வேதியியலாளர் ஜார்ஜ் போர்ட்டர் பற்றிய கட்டுரையைப் படித்தேன். சர் பட்டம், பிரபு பட்டம், ராயல் சொசைட்டி தலைவர் பதவி எல்லாம் வரிசையாக வந்திருந்தன. அவர் செய்த வேலைக்கு ஒரே ஒரு வரி. அதிலும், லேசரைக் கொண்டு வேதிவினைகளை ஆராய்ந்து நோபல் பெற்றார் என்று இருந்தது. லேசர் 1960இல்தான் வந்தது. போர்ட்டரும் அவருடைய பேராசிரியர் நாரிஷும் தங்கள் முறையை 1949இலேயே வெளியிட்டுவிட்டார்கள்.

நான் விஞ்ஞானி இல்லை. யாங்கோன் அனோரட்டா சாலைப் பக்கம் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவன். பிலிமும் பேப்பரும் தாய்லாந்து எல்லை வழியாகத் திருட்டுத்தனமாக வந்த காலத்தில் தொழில் பழகினேன். பிளாஷ் விஷயத்தில் என்னிடம் யாரும் கதை விட முடியாது. கெப்பாசிட்டரில் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, வாயு அடைத்த குழாய் வழியே ஒரே மூச்சில் விடுவதுதான் பிளாஷ். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டர் ஆளைத் தூக்கி எறியும். அது தெரியாமல் மூடியைக் கழற்றிய பையன்கள் உண்டு.

போர்ட்டர் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையில் ரேடார் அதிகாரி. மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக ஏவும் வித்தை அங்கே பழகியது. 1945இல் கேம்பிரிட்ஜில் நாரிஷிடம் சேர்ந்தார். ஒளி பட்டு மூலக்கூறு உடையும்போது பிறக்கும் துண்டுகள் உடனே வேறொன்றோடு சேர்ந்து மறைந்துவிடும். அவற்றை எப்படிப் பார்ப்பது என்பதுதான் சிக்கல். நாரிஷ் ராணுவத்தின் பழைய சர்ச்லைட்டை வைத்து முயன்றிருந்தார். விடாமல் எரியும் விளக்கு எவ்வளவு பெரிதானாலும், துண்டுகள் கண்ணில் படும் அளவுக்குச் சேரவே இல்லை.

போர்ட்டர் பிளாஷுக்கு மாறினார். குவார்ட்ஸ் குழாயில் வாயு, பக்கத்தில் பெரிய பிளாஷ். அது மூலக்கூறுகளை ஒரே அடியில் உடைக்கும். கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டாவதாக ஒரு சிறிய பிளாஷ். அதன் ஒளி குழாயின் நீளத்துக்கும் ஊடுருவி, ஸ்பெக்ட்ரோகிராபில் நிறம் நிறமாகப் பிரிந்து, போட்டோ பிளேட்டில், அதாவது பிலிம் போல ஒளி பதியும் கண்ணாடித் தகட்டில் விழும். எந்த நிறம் குறைகிறதோ அதை வைத்து உள்ளே இருந்தது எந்தத் துண்டு என்று கண்டுபிடிப்பார்கள். இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் எடுத்தால் துண்டு பிறந்ததும் தேய்ந்ததும் வரிசையாகப் பதிவாகும். நாங்கள் ஒரு பிளாஷில் ஆளைப் பிடித்தோம். அவருக்கு உடைக்க ஒன்று, பிடிக்க ஒன்று.

அந்தப் பிளேட்டே ஒளிவேதியியல்தான், அதாவது ஒளி பட்டு நடக்கும் வேதிவினை. டார்க் ரூமில் சிவப்பு விளக்கு எரிந்தும் பிரிண்ட் பேப்பர் கறுக்காததற்குக் காரணம், அதிலுள்ள சில்வர் புரோமைடு சிவப்பு ஒளியை உட்கொள்வதில்லை. உட்கொண்ட ஒளிதான் வேலை செய்யும். இது 19ஆம் நூற்றாண்டிலேயே கண்ட விதி. கட்டுரையாளர் எங்களைப் போன்ற ஒரு பழைய ஸ்டூடியோக்காரரிடம் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார்.

இன்னொன்றும் விடுபட்டுவிட்டது. குளோரினும் ஆக்சிஜனும் கலந்த குழாயில் பிளாஷ் அடித்தபோது குளோரின் மோனாக்சைடு என்ற துண்டின் நிறமாலை போர்ட்டருக்குக் கிடைத்தது. அப்போது அது ஆய்வகத்துச் சங்கதி. அண்டார்டிகாவின் மேல் ஓசோன் குறைகிறது என்று 1985இல் செய்தி வந்தது. 1987இல் அங்கே விமானத்தில் போய் அளந்தபோது, ஓசோன் இறங்கிய இடத்தில், குளோரின் ஓசோனைத் தின்னும்போது பிறக்கும் இதே குளோரின் மோனாக்சைடு ஏறி நின்றது. பட்டங்களை விட இதைத்தானே வாசகருக்கு முதலில் சொல்ல வேண்டும்?

லேசர் பின்னால் வந்தது உண்மை. அதைக் கொண்டு அவர் வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு வரை நேரத்தைச் சுருக்கினார். இலைகள் ஒளியை வாங்கும் விதத்தையும் ஆராய்ந்தார். ஆனால் 1967 நோபல் பரிசு பிளாஷ் வேலைக்குத்தான். அதிலும் பாதி ஜெர்மனியின் மான்ஃபிரெட் ஐகனுக்கு. மீதிப் பாதியைத்தான் நாரிஷும் போர்ட்டரும் பங்கிட்டார்கள்.

திருத்தம் போடும்போது அந்தக் குளோரின் மோனாக்சைடு பிளேட்டின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். பரிசு வாங்கும் படம்தான் ஏற்கெனவே அரைப் பக்கத்துக்குப் போட்டாயிற்றே.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற போட்டோகிராபர்,
யாங்கோன்