அட்டையை இன்னும் பிரஸ்ஸுக்குக் கொடுக்காதே

தருமபுரி

மாப்ளே,

வீட்ல எல்லாரும் சௌக்கியம். மாம்பழம் வந்துச்சு, உன் தங்கச்சி எங்க கண்ணுலயே காட்டல. சரி, விஷயத்துக்கு வர்றேன். வாத்தியாரோட கூத்துப் பாட்டு சிடிக்கு நீ போட்ட அட்டையைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அதைப் பிரஸ்ஸுக்குக் கொடுத்துடாதே.

ஒகேனக்கல் போட்டோ நல்ல போட்டோதான். ஆனா நுரை மேல வெள்ளை எழுத்து எப்படிடா நிக்கும்? 'தெருக்கூத்துப் பாட்டு'ல நாலு புள்ளி இருக்கு. தெறிக்கிற துளி எது, புள்ளி எதுன்னே தெரியல. உன் கம்ப்யூட்டர்ல 3000 பிக்சல் சதுரமா விரிச்சுப் பார்த்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும். பாட்டு ஆப்ல அது கட்டைவிரல் நகம் அளவுதான். 150 பிக்சலுக்குச் சுருக்கிப் பாரு, புள்ளி நாலும் காணாமப் போயிருக்கும். அதைச் சரிக்கட்ட எழுத்தைச் சுத்தி ஓரக்கோடா கறுப்பு ஸ்ட்ரோக் போட்டிருக்கே. அது 'ரு'வோட சுழியை அடைச்சு, புள்ளியை எழுத்தோட ஒட்டிடுச்சு. ஸ்ட்ரோக்கை எடுத்துட்டு எழுத்துக்குப் பின்னாடி ஒரே நிறமா ஒரு பட்டை போடு.

அடுத்தது ட்ராக்கிங், அதான் எழுத்துக்கு எழுத்து விடுற இடைவெளி. நூறு வச்சிருக்கே. இங்கிலீஷ் கேப்பிடல் எழுத்துக்கு அது அழகு. தமிழ்ல கொம்பு 'த'வை விட்டு விலகி நிக்குது, 'பா'வோட கால் தனியாப் போய் 'பரட்டு'ன்னு படிக்குது! பூஜ்யத்துல வை. அகலம் வேணும்னா எழுத்தை மாத்து. 'பலூ தம்பி' ஃபான்ட் மாதிரி தடிச்ச எழுத்து போதும். ரெண்டு வரித் தலைப்புக்கு லீடிங், அதான் வரிக்கு வரி இடைவெளி, 120 சதவீதம் பத்தாது. மேல் வரி 'ரு' இறங்குற இடத்துல கீழ் வரி 'ட்' புள்ளி வந்து இடிக்குது. 140-ல ஆரம்பிச்சுக் கண்ணால பார்த்து ஏத்து.

பழைய இசைத்தட்டு மாதிரி வேணும்னு 'கலைஞர்கள்'ல தும்பிக்கை வச்ச பழைய 'லை' வரைஞ்சிருக்கே. கை நல்லா வந்திருக்கு. ஆனா அதே பக்கத்துல 'விற்பனை'ன்னு 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு அப்புறம் வந்த 'னை' நிக்குது. ஒண்ணு ரெண்டும் பழசா இருக்கணும், இல்ல ரெண்டும் புதுசா இருக்கணும். பழசு வேணும்னா ப்ளூ நோட்ங்கிற அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டுக் கம்பெனிக்கு டிசைனர் ரீட் மைல்ஸ் போட்ட அட்டைகளை எடுத்துப் பாரு: ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோவை இறுக்கி வெட்டி, பக்கத்துல ஒரே ஒரு நிறம், மிச்ச வேலையெல்லாம் எழுத்து செய்யும். அருவி எதுக்கு? வாத்தியாரோட வேஷ முகம் இருக்கே! கிரீடத்தைப் பாதியில வெட்டிக் கண்ணை மட்டும் விடு, நிறம் அரிதாரச் சிவப்பு.

என்னை ரொம்ப உறுத்தினது பின்னட்டைதான். முகவீணைக்காரர், மத்தளக்காரர் பேரெல்லாம் அஞ்சு பாயிண்ட்ல, கருநீலத்து மேல சாம்பல்ல கெடக்கு. அச்சுல நாலு நிறம் ஒரு மயிரிழை விலகினாலே சின்ன எழுத்து அடைஞ்சு போகும். விடிய விடிய வாசிக்கிறவங்கடா அவங்க. பின்னட்டையை வெளுப்பாக்கி, பேரை எட்டு பாயிண்ட்ல, கறுப்பு மட்டும் நூறு சதவீதம் வச்சுப் போடு. இடம் பத்தலைன்னா விற்பனை வாசகத்தைச் சுருக்கு.

முன்னட்டை 120 மில்லிமீட்டர் சதுரம். சுத்தி 3 மில்லிமீட்டர் ப்ளீட், அதான் வெட்டுறப்போ போற ஓரம், விட்டா 126. படம் 300 டிபிஐ, அதான் அங்குலத்துக்கு 300 புள்ளி. கோரல் டிரால எல்லா எழுத்தையும் கர்வ் பண்ணி, அதான் ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமா மாத்தி அனுப்பு, இல்லைன்னா அவங்க மெஷின்ல ஃபான்ட் இல்லாம கொம்பெல்லாம் இடம் மாறிடும். கர்வ் பண்ணாத ஃபைலைத் தனியா வச்சுக்கோ. வாத்தியார் கடைசி நேரத்துல ஒரு பேரையாவது சேர்க்கச் சொல்லுவார், உனக்கே தெரியும்.

திருத்தினதை வியாழக்கிழமைக்குள்ள அனுப்பு. ராத்திரி ஆனாலும் பார்த்துடறேன்.

உன்
மாப்ளே