பழைய ரேடியோ இருந்தால் கொடுத்து அனுப்புங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அறிவியல் மன்றத்துப் பிள்ளைகள் கொஞ்ச நாளாக வீட்டில் பரண், அலமாரி எல்லாவற்றையும் குடைந்துகொண்டிருப்பார்கள். அதற்குக் காரணம் பள்ளிதான். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் பேசியபடி, மின்னணு உதிரிபாகங்களைச் சோதிக்கும் கைக்கருவிகள் சில வாங்கியிருக்கிறோம். ஒன்றின் விலை ஆயிரம் ரூபாய்கூட இல்லை. சோதித்துப் பார்க்கப் பழைய பாகங்கள் வேண்டும், அதனால்தான் இந்தத் தேடல்.

கருவி உள்ளங்கை அளவுதான். சின்னத் திரை, ஒரு பொத்தான், 1, 2, 3 என்று எண் போட்ட துளைகள், ஒரு 9 வோல்ட் பேட்டரி. டிரான்சிஸ்டர் என்பது சின்ன மின்னோட்டத்தைப் பெருக்கித் தரும் பாகம், அதன் மூன்று கால்களையும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் செருகிப் பொத்தானை அழுத்தலாம். அது என்பிஎன் வகையா பிஎன்பி வகையா, எந்தக் கால் பேஸ், எது கலெக்டர், எது எமிட்டர், மின்னோட்டத்தை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதெல்லாம் சில நொடிகளில் திரையில் வந்துவிடும். மின்னோட்டத்தை ஒரே பக்கம் விடும் டையோடு, ஓட்டத்தைக் குறைக்கும் மின்தடை, மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் கண்டன்சர் எதை வைத்தாலும் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

மந்திரம் ஒன்றும் இல்லை. நாங்கள் வாங்கியதில் இருப்பது மாணவர்கள் மின்னணுச் சோதனைகளுக்குப் பயன்படுத்தும் ஆர்டுயினோ ஊனோ பலகையில் உள்ள அதே ஏடிமெகா 328 சில்லு. ஒவ்வொரு துளையையும் 680 ஓம், 470 கிலோ ஓம் மின்தடைகள் வழியாக 5 வோல்ட்டோடும் பூஜ்யத்தோடும் மாற்றி மாற்றி இணைத்து, கால்களில் எவ்வளவு மின்னழுத்தம் நிற்கிறது என்று அளக்கிறது. கிடைத்த எண்களை வைத்து, இது இன்னதுதான் என்று முடிவு கட்டுகிறது. இந்த வடிவமைப்பைத் தொடங்கியவர் ஜெர்மனியின் மார்க்குஸ் ஃப்ரேயெக், பிறகு வளர்த்தவர் கார்ல்-ஹைன்ஸ் க்யூப்பெலர். இருவரும் அதை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

"பப்ளிக் எக்ஸாம் வர்ற நேரத்துல இதெல்லாம் எதுக்குங்க சார்?" என்று சிலர் கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் செய்முறைத் தேர்வில் டையோடு, செனார் டையோடு, டிரான்சிஸ்டர் மூன்றும் வருகின்றன. வரைபடத்தை மனப்பாடமாகப் போட்டுவிட்டு, டிரான்சிஸ்டரைக் கையில் கொடுத்தால் எது பேஸ் என்று விழிக்கும் பிள்ளைகளைப் பல வருடமாகப் பார்க்கிறேன். அதே சமயம் கருவி சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு போவதும் படிப்பு ஆகாது. அதனால் ஒரு விதி வைத்திருக்கிறோம்: முதலில் நோட்டில் தன் ஊகத்தை எழுத வேண்டும், அப்புறம்தான் பொத்தான். மின்தடையின் மதிப்பை அதன்மேல் உள்ள நிறப் பட்டைகள் சொல்லும். பழுப்பு, கறுப்பு, சிவப்பு, தங்கப் பட்டை போட்ட மின்தடை 1000 ஓம் என்று எழுதியவனுக்குத் திரை 985 காட்டினால், கருவி பொய் சொல்கிறதா? தங்கப் பட்டை 5 சதவீதம் கூடவோ குறையவோ இடம் தருகிறது என்பது அந்த இடத்தில்தான் அவனுக்கு உறைக்கும்.

கருவியும் தடுமாறும், பிள்ளைகள் அதையும் பார்க்கட்டும். பேட்டரி 9 வோல்ட் என்றாலும் கருவி சோதிப்பது 5 வோல்ட்டில்தான். செனார் டையோடு, குறித்த மின்னழுத்தம் வந்தால் எதிர்ப்பக்கமும் ஓட்டம் விடும், அதனால் 12 வோல்ட் செனாரை வெறும் டையோடு என்றுதான் சொல்லும். பல பாகங்களை ஒன்றாக அடக்கிய ஐசி சில்லுகளைச் சோதிக்கத் தெரியாது. பலகையிலிருந்து கழற்றாமல் அளந்தால் தவறான எண் வரும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை சீலிங் ஃபேன் கண்டன்சர். நம் பக்கத்துக் கோடையில் ரெகுலேட்டரை முழுதாகத் திருப்பியும் ஃபேன் மெதுவாகச் சுற்றினால், பல நேரம் குற்றவாளி அதுதான். மேலே 2.5 மைக்ரோஃபாரட் என்று அதன் கொள்ளளவை, அதாவது எவ்வளவு மின்னேற்றத்தைத் தேக்கும் என்பதை, அச்சிட்டிருக்கும். உள்ளே பிளாஸ்டிக் தாளின்மேல் மெல்லிய உலோகப் பூச்சு. மின்னழுத்தம் எங்காவது துளைத்தால் அந்த இடத்துப் பூச்சு மட்டும் ஆவியாகிப் பழுது தானாக அடைபடும். ஆனால் ஒவ்வொரு முறையும் பரப்பு கொஞ்சம் போய்விடும், வருடக்கணக்கில் கொள்ளளவு குறைந்துகொண்டே வரும். எலக்ட்ரீஷியன் புதியதை மாட்டும்போது பழையதைக் காயலான் கடைக்குப் போடாமல் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள். அச்சிட்ட எண்ணும் அளந்த எண்ணும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று வகுப்பே சேர்ந்து பார்க்கும்.

இனி நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. வீட்டில் எதையும் பிள்ளைகள் திறக்கக் கூடாது. ஃபேனிலிருந்து கண்டன்சரைக் கழற்றுவது எலக்ட்ரீஷியன் வேலை. சார்ஜருக்குள் இருக்கும் கண்டன்சர் ஏறத்தாழ 325 வோல்ட் வரை ஏறியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் அப்படியே தேங்கி நிற்கும். கையை வைத்தால் ஷாக், கருவியில் செருகினால் சில்லு போய்விடும். பிரிப்பதும், மின்தடை வழியாக மின்னேற்றத்தை வடிப்பதும், சால்டரிங் அயர்ன் பிடிப்பதும் பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னால் மட்டும்தான். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவார்கள், பழைய ஈயத்தில் விஷம் உண்டு.

ரேடியோ, ரிமோட், பழைய செல்போன் சார்ஜர், எரியாத எல்இடி பல்பு, கெட்டுப்போன ரெகுலேட்டர் எல்லாம் சரி. குண்டு டிவி, மைக்ரோவேவ் அடுப்பு, இன்வெர்ட்டர், பாதரசம் உள்ள சிஎஃப்எல் பல்பு, டியூப் லைட், உப்பிய செல்போன் பேட்டரி இவற்றைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். புது டிரான்சிஸ்டர், மின்தடை நாங்களே டவுன்ஹால் ரோட்டில் வாங்கிக்கொள்கிறோம், அதற்கென்று பிள்ளைகள் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. பெண் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் "இது உனக்கு எதுக்கு" என்று மன்றத்திலிருந்து நிறுத்தியிருக்கிறீர்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர்களுக்கான இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஆய்வகம் திறந்திருக்கும், நீங்களும் வந்து பார்க்கலாம். ரேடியோ ரிப்பேர், டிவி மெக்கானிக் வேலை தெரிந்த பெற்றோர் வந்து ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் பெரிய உதவி. மன்றத்தில் சேர, கீழே உள்ள சீட்டில் கையெழுத்துப் போட்டு வகுப்பாசிரியரிடம் கொடுத்து அனுப்புங்கள். கையெழுத்து வராமல் யாரையும் சால்டரிங் மேசையில் உட்கார வைக்க மாட்டோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
அரசு மேல்நிலைப் பள்ளி, மேலூர் வட்டாரம், மதுரை மாவட்டம்